நாட்டு விடுதலையும் ஆன்ம விடுதலையும்: வங்க, மராட்டியக் கிறித்தவ எழுத்தாளர் மூவர்

'விடு' என்னும் வினையடியிலிருந்து நம் தமிழ்மொழி இரண்டு பெருஞ்சொற்களை ஈன்றெடுத்தது. ஒன்று 'வீடு', மற்றொன்று 'விடுதலை'. அறம், பொருள், இன்பம் என்பவற்றின் பின் நான்காவதாக வைத்து எண்ணப்பெறும் வீடு, பற்றுகளினின்று ஆன்மா நீங்கும் நிலையைக் குறிக்கும். விடுதலை என்னும் சொல்லோ, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரதியார் போன்றோர் நாவில், அந்நிய ஆட்சியினின்று நாடு நீங்குதலைக் குறிக்கும் முரசொலியாயிற்று. ஒரு வயிற்றுப் பிள்ளைகளாகிய இவ்விரு சொற்களும் ஒன்றையொன்று அறியுமா? ஆன்மாவின் வீட்டை நாடுவோன் நாட்டின் விடுதலைக்காகக் கவலைகொள்ள வேண்டுமா? நாட்டின் விடுதலைக்குப் போராடுவோன் தன் உள்ளத்துத் தளைகளை மறந்துவிடலாமா?

இவ்வினாக்கள் எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவானவை. ஆயினும், ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் வாழ்ந்த இந்தியக் கிறித்தவர்க்கு இவை ஏனையோர்க்கு இல்லாத கூர்மையோடு எழுந்தன. ஆள்வோரின் சமயமும் அவர்தம் சமயமும் ஒன்றாயிருந்தன. அதனால் அண்டை அயலார் அவர்களை அந்நியரின் அடியார் என ஐயுற்றனர். ஆட்சியாளரோ அவர்கள் என்றும் தமக்கு நன்றியுடையவராய் இருப்பர் என எதிர்பார்த்தனர். இருபுறமும் நெருக்கப்பட்ட அந்நிலையில், உண்மையான விடுதலை யாது என்று எண்ணிப் பார்த்து எழுதியவர் சிலர். அவர்களுள் வங்கத்துப் பிரம்மபாந்தவ உபாத்தியாயர், மராட்டியத்து நாராயண வாமன திலகர், அவர்தம் துணைவியார் இலட்சுமிபாய் திலகர் ஆகிய மூவரை இக்கட்டுரை எடுத்துக்கொள்கின்றது. நாம் எந்த மாநிலங்களில் குடியேறி வாழ்கின்றோமோ அந்த மாநிலங்களின் இலக்கியச் செல்வத்தை அறிந்து நம்மவர்க்கு எடுத்துரைத்தல், தமிழ்ச் சங்கங்கள் செய்யத்தக்க பணிகளுள் ஒன்று என்பதும் இத்தேர்வுக்கு ஒரு காரணமாகும்.

விவிலியத்தின் இரு மொழிகள்

மூவரையும் மதிப்பிட நமக்கு ஓர் அளவுகோல் வேண்டும். அவர்கள் நம்பிய நூலிலிருந்தே அதனைப் பெறுதல் முறையாகும். யோவான் எழுதிய நற்செய்தியின் எட்டாம் அதிகாரத்தில் சிந்திக்கத்தக்க ஓர் உரையாடல் உண்டு. மெய்ம்மையை அறிந்தோரை அம்மெய்ம்மை விடுவிக்கும் என இயேசுபிரான் கூறுகின்றார். கேட்டிருந்தோர் சினம் கொள்கின்றனர். தாங்கள் ஆபிரகாமின் வழிவந்தோர் என்றும், எவருக்கும் ஒருபோதும் அடிமையாய் இருந்ததில்லை என்றும் விடையிறுக்கின்றனர். இவ்விடையின் நகைப்பை உணர வரலாறு சிறிது தெரிந்திருத்தல் வேண்டும். அவர்தம் முன்னோர் எகிப்திலும் பாபிலோனிலும் அடிமைப்பட்டிருந்தவர்கள். அவ்வுரையாடல் நிகழ்ந்த எருசலேமிலேயே உரோமானியப் படை காவல் நின்றது; மக்கள் செலுத்திய வரி உரோமுக்குச் சென்றது. கழுத்தில் நுகத்தைச் சுமந்துகொண்டே நுகம் இல்லை என்றார்கள்.

அதற்கு மறுமொழியாக, பாவம் செய்பவன் பாவத்திற்கு அடிமை என்கின்றார் இயேசுபிரான். இவ்விடத்தில் பொருள்கொள்வோர் இரு பிரிவினராவர். அரசியல் அடிமைத்தனம் பொருட்படுத்தத்தக்கதன்று, அகத்தின் அடிமைத்தனமே கவலைக்குரியது என்பார் ஒரு சாரார். ஆட்சியாளர்க்கு உவப்பான விளக்கம் இது. தன் அடிமைநிலையை ஒப்புக்கொள்ள மறுப்பவனுக்குப் புறவிடுதலையும் இல்லை, அகவிடுதலையும் இல்லை என்பதே அவ்வுரையாடலின் கருத்து என்பார் மற்றொரு சாரார். லூக்கா நற்செய்தியின் நான்காம் அதிகாரத்தை இதனோடு சேர்த்து நோக்கினால் இரண்டாம் விளக்கமே வலுப்பெறுகின்றது. ஆங்கு நாசரேத்து ஊர்த் தொழுகைக்கூடத்தில், சிறைப்பட்டோர்க்கு விடுதலை அறிவிக்கும் எசாயாவின் வாசகத்தையே தம் பணியின் விளக்கமாக இயேசுபிரான் படிக்கின்றார். அவ்வாசகம் பாபிலோனிய அடிமைத்தனத்தால் சிதைந்த ஒரு மக்களினத்தின் துயரிலிருந்து எழுந்தது. எனவே கிறித்தவ மறையில் ஆன்ம விடுதலையைச் சுட்டும் சொற்களே நாட்டு விடுதலையின் அகராதியிலிருந்து பெறப்பட்டவை என்பது தெளிவு. அவ்விரண்டையும் முற்றிலும் பிரித்தல் இயலாது. ஒன்றை மற்றொன்றாக மயங்குதலும் ஆகாது. இதுவே நம் அளவுகோல்.

பிரம்மபாந்தவர்: துதியும் போர்க்குரலும்

1861-ஆம் ஆண்டு இந்திய இலக்கியத்திற்கு வளமான ஆண்டு. இரவீந்திரநாத தாகூர் பிறந்த அவ்வாண்டிலேயே வங்கத்தின் ஹூக்ளி மாவட்டத்துக் கன்யான் சிற்றூரில் பவானி சரண் பந்தோபாத்தியாயர் பிறந்தார். ஆங்கிலேயரை வாளால் வெல்ல வேண்டும் என்னும் வேட்கையால், இளமையில் படைப்பயிற்சி நாடிக் குவாலியருக்குச் சென்றவர் அவர். பின்னர் கேசவ சந்திர சேனரின் ஈர்ப்பால் பிரம்ம சமாஜத்தைச் சார்ந்தார். சிந்து மாகாணத்தில் ஆசிரியப் பணி புரியுங்கால் 1891-இல் திருமுழுக்குப் பெற்று, அவ்வாண்டிலேயே கத்தோலிக்கத் திருச்சபையில் இணைந்தார். பிரம்மபாந்தவ உபாத்தியாயர் என்னும் பெயரும் காவியுடையும் அதன்பின் அவர் பூண்டவை. கழுத்தில் சிலுவையும் மேனியில் காவியும் துலங்க நடந்த அத்துறவியைக் கண்டு இரு சமயத்தாரும் திகைத்தனர். பிறப்பாலும் சமூக வாழ்வாலும் தாம் இந்து என்றும், ஞானப்பிறப்பால் கத்தோலிக்கர் என்றும் அவர் அமைதி கூறினார்.

அவர் 1898-இல் தம் 'சோஃபியா' இதழில் வெளியிட்ட 'வந்தே சச்சிதானந்தம்' என்னும் வடமொழித் துதி, இந்தியக் கிறித்தவ இலக்கியத்தின் மணிமுடிகளுள் ஒன்று. பிதா, சுதன், தூய ஆவி என்னும் மூவொருமையைச் சத்து, சித்து, ஆனந்தம் என்னும் வேதாந்தக் கருத்தோடு இசைத்துப் பாடுவது அது. இதன் சிறப்பு சொல்லாட்சியில் மட்டும் அமைந்ததன்று. மேலைநாட்டார் தம் இறையியலைக் கிரேக்கச் சிந்தனையின் துணைகொண்டு வகுத்தனர். இந்தியர் தம் நாட்டுச் சிந்தனையின் துணைகொண்டு வகுத்தல் ஏன் கூடாது என்னும் வினா அத்துதியின் ஒவ்வோர் அடியிலும் ஒலிக்கின்றது. வழிபாட்டில் இரவல் மொழியும் இரவல் சிந்தனையும் இருக்கும்வரை ஆன்மா முழு விடுதலை பெற்றதாகாது என்பதனை அவர் வாதிடாமல் பாடியே நிறுவிவிட்டார். இந்தியக் கத்தோலிக்க வழிபாடுகளில் இன்றும் அது பாடப்பெறுகின்றது.

ஆயினும் அவர்தம் திருச்சபையின் மேலிடம் அவரைப் புரிந்துகொள்ளவில்லை. நருமதைக் கரையில் அவர் தொடங்க முனைந்த துறவு மடத்திற்கு ஒப்புதல் கிடைக்கவில்லை. அவருடைய இதழைக் கத்தோலிக்கர் படித்தலாகாது என்னும் தடையும் வந்தது. 1901-இல் சாந்திநிகேதனத்துப் பள்ளி தொடங்கப்பெற்றபோது தாகூருக்குத் துணைநின்றார். அவ்வுறவும் நெடிது நீளவில்லை. 1904-இல் 'சந்தியா' என்னும் வங்க நாளிதழைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு வங்கப் பிரிவினை வந்தது. துறவியின் எழுதுகோல் தீப்பந்தமாயிற்று.

'சந்தியா'வின் உரைநடை தனி ஆய்வுக்குரியது. பண்டிதர் நடையை விடுத்து, கடைவீதியிலும் படித்துறையிலும் வழங்கிய பேச்சு வங்கத்தை அவர் அரசியலுக்குக் கொணர்ந்தார். பாரதியார் சென்னையில் 'இந்தியா' வார இதழில் எளிய தமிழால் மக்களைத் தட்டி எழுப்பிய அதே ஆண்டுகளில் கல்கத்தாவில் நிகழ்ந்தது இது. நாட்டு விடுதலை முதற்கண் மொழியின் விடுதலையாக வெளிப்படும் என்பதற்கு இவ்விரு சான்றுகளும் போதும். எனினும் 'சந்தியா'வில் ஏளனம் மிகுந்தது. வெள்ளையரைப் பழிக்கும் வசைச்சொற்கள் மலிந்தன. அறச்சினத்திற்கும் இனவெறுப்பிற்கும் இடையே உள்ள மெல்லிய வரம்பினை அவ்வெழுதுகோல் பலகால் கடந்தது. 'வந்தே சச்சிதானந்தம்' பாடிய நாவா இது என வியக்கத் தோன்றும்.

1907 செப்டம்பரில் அரச நிந்தனைக் குற்றத்தின்பேரில் அவர் சிறைபிடிக்கப்பட்டார். வழக்கில் தமக்காக வாதாட மறுத்து அவர் அளித்த அறிக்கை, அவர் எழுதியவற்றுள் மிகச் சிறியது. மிகப் பெரியதும் அதுவே. சுயராஜ்யம் இறைவன் இட்ட பணி, அப்பணியில் தம் எளிய பங்கை ஆற்றியதற்காக அந்நிய மக்களிடம் கணக்கு ஒப்புவிக்கும் கடமை தமக்கு இல்லை என்பது அதன் சாரம். திருத்தூதர் பேதுரு எருசலேம் தலைமைச் சங்கத்தின்முன், மனிதரினும் இறைவனுக்கே கீழ்ப்படிதல் கடன் எனக் கூறிய நிகழ்ச்சி நம் நினைவுக்கு வருகின்றது. அவ்வறிக்கையில் வசை இல்லை, ஏளனம் இல்லை. வீடும் விடுதலையும் ஒரே வாக்கியத்தில் உடன்பிறப்புகளாய் நிற்கின்றன. வழக்கு முடியுமுன்னரே, 1907 அக்டோபர் 27-இல் மருத்துவமனையில் அவர் உயிர் நீத்தார். அவ்வாண்டு அவர் செய்துகொண்ட பிராயச்சித்தச் சடங்கைக் காட்டி, இறுதியில் கிறித்தவத்தைக் கைவிட்டார் என்பாரும் உளர். இறுதிவரை கிறித்துவின் அடியாராகவே வாழ்ந்தார் என அவர்தம் மாணவர் அணிமானந்தர் உறுதி கூறினார்.

தாகூரின் தீர்ப்பு

இவ்வாழ்வுக்கு இலக்கிய உலகில் ஒரு பின்னுரை எழுதப்பெற்றது. அவர் மறைந்து இருபத்தேழு ஆண்டுகள் கழித்து, 1934-இல் தாகூர் 'சார் அத்தியாய்' என்னும் புதினத்தை வெளியிட்டார். தலைமறைவுப் புரட்சி இயக்கத்தில் சேர்ந்து, நாட்டுக்காகத் தன் இயல்பையே பலிகொடுத்துவிட்ட அதீன் என்னும் இளைஞனின் அழிவைக் கூறுவது அக்கதை. அதன் முன்னுரையில் தாகூர் பிரம்மபாந்தவரை நினைவுகூர்ந்தார். இறுதி நாள்களில் தம் இல்லத்திற்கு வந்து, விடைபெறும்போது, தாம் பெரிதும் வீழ்ந்துவிட்டதாக அவர் கூறிச் சென்றார் என எழுதினார். வங்கத்தில் பெரும் புயல் எழுந்தது. பின்னைப் பதிப்பில் அம்முன்னுரை நீக்கப்பெற்றது.

தாகூரின் தீர்ப்பு நேரியதா? இறந்தோர் மறுத்துரைக்க இயலாத நிலையில், இருவர் மட்டுமே அறிந்த ஒரு சொல்லைப் புதினத்தின் வாயிலில் தோரணமாய்க் கட்டியது பெருங்கவிஞருக்குப் பொருந்திய செயல் எனக் கூறுவதற்கில்லை. ஆனால் புதினத்தின் உட்கருத்தை அவ்வளவு எளிதில் தள்ளிவிடல் இயலாது. நாட்டைக் காக்கும் முயற்சியில் தன் ஆன்மாவை இழந்தவன் எதனைக் காத்தான் என்பது அதன் வினா. உலகம் முழுவதையும் ஆதாயமாக்கி ஆன்மாவை இழப்பதனால் வரும் பயன் யாது என்னும் நற்செய்தியின் வினாவும் இதுவே. 'சந்தியா'வின் வசைச்சொற்கள் இவ்வினாவின்முன் தலைகுனிகின்றன. நீதிமன்ற அறிக்கை தலைநிமிர்ந்து நிற்கின்றது. ஒருவருடைய எழுத்திலேயே இரண்டையும் பிரித்து அறிவதன்றோ திறனாய்வு?

மற்றொரு குறையும் உண்டு. அவர்தம் துதி வடமொழியில் அமைந்தது. கற்றோர் சிலரே பொருளுணர்ந்து பாடத்தக்கது. நால்வருண முறையினை அவர் எழுத்திலும் ஆதரித்தார். வெளியிலிருந்து வந்த தளையை அறுக்கத் துடித்தவர், உள்ளேயே முன்னோர் பூட்டிய தளையை அணிகலன் எனக் கருதினார். யோவான் எட்டாம் அதிகாரத்து மக்களைப்போல, தாம் அடிமை என அறியாத இடம் அவருக்கும் ஒன்று இருந்தது.

திலகர்: துக்காராமின் பாலம்

திலகர் என்றவுடன் நமக்கு உலோகமானியரே நினைவுக்கு வருவார். நாராயண வாமன திலகர் அவரின் வேறானவர். ஆயினும் அதே இரத்தினகிரி மாவட்டத்தில், அதே சித்பாவன அந்தணர் மரபில் பிறந்தவர். அவர் பிறந்த ஆண்டும் 1861. 1893-இல் இரயில் பயணம் ஒன்றில் உடன்வந்த வெள்ளையர் ஒருவர் தந்த புதிய ஏற்பாட்டு நூல் அவர் வாழ்வைத் திருப்பிற்று. 1895 பிப்ரவரியில் பம்பாயில் திருமுழுக்குப் பெற்றார். பின்னர் அகமதுநகரில் பணியாற்றி, 'ஞானோதயா' இதழின் மராட்டியப் பகுதிக்கு ஆசிரியராகவும் விளங்கினார். மலர்களையும் மழலையரையும் பாடிய கவிஞர் என மராட்டியர் அவரைப் போற்றுவர். பாலகவி எனப் புகழ்பெற்ற தோம்ப்ரே இளமையில் அவர் நிழலில் வளர்ந்தவர்.

துக்காராமின் பாடல்களாகிய பாலத்தின் வழியாகவே தாம் கிறித்துவை அடைந்ததாகத் திலகர் கூறுவதுண்டு. அவருக்கு முன் மராட்டியக் கிறித்தவ ஆலயங்களில் மொழிபெயர்ப்புப் பாடல்களே மிகுதி. அவர் அபங்க யாப்பை எடுத்தார். பண்டரிபுரம் செல்லும் அடியார் கூட்டத்தின் பஜனை மெட்டை எடுத்தார். கிறித்துவைத் தாயாகவும், குருவாகவும், உயிரினும் இனிய தோழனாகவும் பாடினார். பிரம்மபாந்தவர் செய்ததையே இவரும் செய்தார் எனலாம். வேறுபாடு யாதெனில், இவர் உழவனும் கிழவியும் பாடும் மொழியில் செய்தார். தமிழர்க்கு இது புதுமையன்று. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் குறவஞ்சியிலும் கீர்த்தனையிலும் கிறித்தவத்தை இசைத்ததும், எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 1894-இல் வெளிவந்த 'இரட்சணிய யாத்திரிக'த்தில் கம்பனின் காவிய நெறியையும் தேவாரப் பண்பையும் பின்பற்றியதும் நாம் அறிந்தவையே. அவ்விருவர்க்கும் மராட்டியத்தில் ஓர் உறவினர் உண்டு என்பதே நமக்குப் புதுச்செய்தி.

திலகர் நாட்டுப்பற்றுப் பாடல்களும் இயற்றினார். பாரதநாட்டின் பெருமையை நெஞ்சுருகப் பாடிய அவரை அந்நியரின் அடியார் எனக் கூற எவர்க்கும் நா எழாது. ஆனால் கலைநோக்கில் நடுநிலையோடு கூறின், அப்பாடல்களில் மேடையின் குரல் மிகுதி. அபங்கங்களில் நெஞ்சின் குரல் மிகுதி. அவருடைய விடுதலை வேட்கையின் ஆழத்தை உணர நேரடி நாட்டுப் பாடல்களைவிட, வேடன் அம்பால் அடிபட்ட பறவையைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற பாடலே சிறந்த வாயில். குஞ்சுகளுக்கு இரை கொண்டு செல்லும் தாய்ப்பறவை அடிபட்டும் விழுந்து எழுந்து கூடு நோக்கிப் பறக்கின்றது. மராட்டியப் பள்ளிச் சிறார் தலைமுறை தலைமுறையாகப் பயின்ற அப்பாடலில் அரசியல் சொல் ஒன்றும் இல்லை. எனினும் வலியோன் எளியோன்மேல் செலுத்தும் ஆதிக்கத்தின் கொடுமை அனைத்தும் அதில் அடங்கியுள்ளது. அதனைப் பயின்ற பிள்ளை, அரசனாயினும் சாதியாயினும் கணவனாயினும், ஆதிக்கத்தின் முகத்தை அடையாளம் காணக் கற்றுக்கொள்ளும்.

வெள்ளைப் பாதிரிமார் இந்தியக் கிறித்தவர்க்குத் தந்தையராய் இல்லாமல் உடன்பிறந்தாராய் இருத்தல் வேண்டும் என்பது திலகரின் நெடுநாள் வேண்டுகை. 1917-இல் மிஷன் ஊதியத்தைத் துறந்து வெளியேறினார். சாத்தாராவில் இறைவனின் தர்பார் என்னும் பெயரால் ஓர் அடியார் கூட்டத்தைத் தொடங்கினார். திருமுழுக்குப் பெற்றோரும் பெறாதோரும் அதில் ஒருங்கே இடம்பெற்றனர். நாட்டுக்குச் சுயராஜ்யம் கேட்கப்பட்ட காலத்தில் அவர் திருச்சபைக்குச் சுயராஜ்யம் தேடினார். ஊதியம் தருவோனுக்கு அஞ்சி வாழும் ஆன்மா விடுதலையைப் பாடினால் அப்பாடல் பொய்க்கும் என்பதை அவர் உணர்ந்திருத்தல் வேண்டும். மாதச் சம்பளத்தை நம்பிக் குடும்பம் நடத்தும் நம் போன்றோர் அச்செயலின் அருமையை நன்கு உணர்வோம். அம்முயற்சி முழுமையுறுமுன், 1919 மே திங்களில் பம்பாயில் அவர் மறைந்தார்.

இலட்சுமிபாய்: கேட்கப்படாத ஒருத்தி

திலகரின் திருமுழுக்கு வீரச்செயல் என்பதில் ஐயமில்லை. ஆனால் அம்முடிவில் அவர் மனைவியின் ஒப்புதல் இல்லை. சிறுமிப் பருவத்தில் மணமுடித்து வந்த அவ்வம்மையார் ஒருநாள் கணவன் வேற்றுச் சமயம் புகுந்த செய்தியை அறிந்தார். அதன்பின் ஏறத்தாழ ஐந்தாண்டுகள், பண்டரிபுரத்திலும் உறவினர் இல்லங்களிலும், சிறு மகனோடு பிரிந்து வாழ்ந்தார். மனச்சான்றின் விடுதலையைத் தமக்கெனக் கொண்ட கணவர், அதனை மனைவிக்கு அளித்தாரா? இவ்வினாவைத் திலகரின் கவிதைகள் எழுப்பவில்லை. இலட்சுமிபாயின் 'ஸ்மிருதி சித்ரே' என்னும் தன்வரலாறு எழுப்புகின்றது. 1934 முதல் பகுதி பகுதியாக வெளிவந்த அந்நூல் மராட்டிய உரைநடையின் ஒப்பற்ற செல்வங்களுள் ஒன்று. முறையான பள்ளிக் கல்வி பெறாத ஒரு பெண்மணி, பேச்சு மொழியில், தம்மையே நகைத்துக்கொண்டு எழுதிய நூல் அது.

அந்நூலின் தொடக்கத்திலேயே நம் பொருளின் மையம் அமைந்துள்ளது. அம்மையாரின் தாய்வழிப் பாட்டனார் 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை ஒட்டி ஆங்கிலேயரால் தூக்கிலிடப்பட்டவர். அந்நிகழ்ச்சிக்குப் பின் அம்மையாரின் தந்தையாருக்குத் தீட்டுப் பற்றிய அச்சம் பித்தாக முற்றியது. உப்பைக்கூடக் கழுவிய பின்னரே அடுக்களையில் சேர்க்கும் அளவுக்கு ஆசாரம் வளர்ந்தது. வீட்டுப் பெண்டிர் அதன் கொடுமையில் நாளும் உழன்றனர். அம்மையார் இதனைச் சினமின்றி, புன்னகையோடு கூறிச் செல்கின்றார். ஆனால் கூர்ந்து படிப்போர்க்கு உள்ளம் நடுங்கும். அந்நிய ஆட்சி புறத்தே ஒரு கயிற்றை இறுக்கியது. அதன் அதிர்ச்சியால் அகத்தே வேறொரு கயிறு இறுகியது. அவ்விரண்டாம் கயிற்றின் நுனி பெண்ணின் கழுத்தில் இருந்தது. நாட்டின் அடிமைத்தனமும் வீட்டின் அடிமைத்தனமும் எவ்வாறு ஒன்றையொன்று ஊட்டி வளர்க்கும் என்பதனை இவ்வளவு சில பக்கங்களில் காட்டிய நூல் பிறிதொன்றை நான் படித்ததில்லை.

இலட்சுமிபாய் கணவரோடு மீண்டும் சேர்ந்தபோதும் உடனே சமயம் மாறவில்லை. தனி அடுப்பு, தனி நீர் என ஆசாரத்தைக் காத்தே வாழ்ந்தார். பின்னர்ச் சாதிப் பிரிவு இறைவன் வகுத்ததன்று, மனிதன் வகுத்தது என்னும் தெளிவு அவருள் மெல்லப் பிறந்தது. பிறர் கையால் உண்ணவும் பருகவும் தாமே துணிந்தார். 1900-இல் அவர் பெற்ற திருமுழுக்கு அத்தெளிவின் பின்னர் வந்தது. கணவன் சென்ற வழியில் மனைவி சென்றாள் என இதனைக் கூறிவிடல் பிழை. அவர் தம் காலால் நடந்து, தம் காலத்தில், தம் அறிவால் அவ்விடம் சேர்ந்தார். திலகர் தொடங்கி, சில அதிகாரங்களோடு விட்டுச்சென்ற 'கிறிஸ்தாயன்' காவியத்தை, அறுபதுக்கு மேற்பட்ட அதிகாரங்கள் எழுதி நிறைவுசெய்தவரும் அவரே. கேட்கப்படாதவளாய்த் தொடங்கியவர், கணவரின் காவியத்திற்கே முடிவுரை எழுதியவராய் உயர்ந்தார். 1936-இல் மறைந்தார்.

மூவரையும் நிறுத்துப் பார்க்குங்கால்

கலாத்தியர்க்குப் பவுலடியார் எழுதிய மடலில், கிறித்துவுக்குள் மூவகை வேற்றுமைகள் இல்லாதொழிகின்றன என்பார். யூதன், கிரேக்கன் என்னும் இன வேற்றுமை ஒன்று. அடிமை, உரிமைக்குடி என்னும் நிலை வேற்றுமை மற்றொன்று. ஆண், பெண் என்னும் பால் வேற்றுமை மூன்றாவது. பிரம்மபாந்தவர் முதல் வேற்றுமையின் கொடுமையைக் கண்டார்; ஆளும் இனத்தார்முன் தலைவணங்க மறுத்து உயிரையே ஈந்தார். இரண்டாவதைக் காணத் தவறினார். திலகர் முதலிரண்டையும் கண்டு பாடினார். மூன்றாவதைத் தம் இல்லத்தில் கண்டுகொள்ளப் பிந்தினார். இலட்சுமிபாய் மூன்றன் சுமையையும் தோளில் சுமந்தவராதலின் மூன்றையும் கண்டார். எனவேதான் அவர் நூலில் பிறரைப் பழிக்கும் வேகம் இல்லை; தெளிவு இருக்கின்றது. மூவரின் எழுத்துகளுள் அவருடையதே மிக உயர்ந்தது என்பது என் துணிபு. விடுதலையைப் பற்றிப் பேசாமலே விடுதலை பெற்ற நடை அது.

இவ்வுணர்வு வங்கத்திலும் மராட்டியத்திலும் மட்டும் எழுந்ததன்று. நெல்லைச் சீமையில் பிறந்த வேதநாயகம் அசரியா 1910-இல் எடின்பரோ மாநாட்டில் மேலைநாட்டுப் பாதிரிமாரை நோக்கி, ஈகையோடு நில்லாது நட்பையும் தாருங்கள் எனக் கேட்டது வரலாறு. தஞ்சையில் பிறந்த ஜே.சி. குமரப்பா, நாட்டு விடுதலைப் போரில் சிறையிலிருந்தபோது இயேசுபிரானின் வாழ்வையும் போதனையையும் பற்றி எழுதிய நூல் 1945-இல் வெளிவந்தது. தம் ஆண்டவரைப் பின்பற்றுதலும் அந்நிய ஆட்சியை எதிர்த்தலும் ஒரே கடமையின் இரு பக்கங்கள் என்பதில் அவருக்கு ஐயமே இருந்ததில்லை.

1947-இல் நாடு விடுதலை பெற்றது. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம் பதினேழாம் பிரிவால் தீண்டாமையை ஒழித்தது. இருபத்தைந்தாம் பிரிவால் மனச்சான்றின் உரிமையை உறுதிசெய்தது. ஏட்டளவில் பவுலடியாரின் கனவுக்கு நாடே கையொப்பமிட்டது போலாயிற்று. ஆயினும் கிறித்தவர்தம் கல்லறைத் தோட்டத்திலேயே சாதிச்சுவர் எழுப்பப்பட்ட செய்தியைத் தமிழர் அறிவர். இறந்த பின்னும் விடாத தளையை எந்த அரசு வந்து அறுக்கும்? சட்டம் கதவைத் திறந்து வைக்கலாம். வாயிற்படியைத் தாண்டுதல் அவரவர் கால்களின் பொறுப்பு. கழுவிய உப்பின் கதையை எழுதிய அம்மையார் நமக்கு உணர்த்துவதும் இதுவே.

ஊர்விட்டு ஊர் வந்து பிற மொழியாரிடையே வாழும் நமக்கு இம்மூவரின் வாழ்வு தரும் பாடம் ஒன்று உண்டு. மொழிக்கும் மரபுக்கும் உரிமை கேட்பது நம் கடமை. சங்கங்கள் அதற்காகவே தோன்றின. அவ்வுரிமையைக் கேட்கும் நாவு, தன் வீட்டுப் பெண்டிர்க்கும், தன்னிடம் ஊழியம் செய்வோர்க்கும், தன்னினும் தாழ்ந்தோர் எனத் தான் எண்ணுவோர்க்கும் அதே உரிமையை வழங்குகின்றதா என்பதே சோதனை. அச்சோதனையில் தேறுவோர் இல்லத்தில் தமிழின் 'வீடு' என்னும் சொல் தன் இரு பொருளையும் ஒருங்கே பெற்றுவிடும்: குடியிருக்கும் இல்லமும் அதுவே, விடுதலையும் அதுவே.